ஸ்பேஸ்பார்க்காரர்

எக்செல் ஷீட்டில் ஒரு செல்லில் இருப்பதை நீக்க டெலீட் கீ இருக்கிறது. ஸ்பேஸ்பார்க்காரர் அதைத் தொடமாட்டார். செல்லுக்குப் போவார், கட்டைவிரலால் ஸ்பேஸ்பாரை ஒரு தட்டு தட்டுவார், என்டர் அடிப்பார். எண் மறைந்துவிடும். மறைந்தால் ஒழிந்தது என்பது அவர் கொள்கை. எக்செல்லைப் பொறுத்தவரை எண் போன இடத்தில் இப்போது ஓர் எழுத்து உட்கார்ந்திருக்கிறது. அந்த எழுத்துக்கு உருவம் இல்லை, அவ்வளவுதான்.

விளைவு உடனே தெரியாது. மாதக் கடைசியில், அதுவும் ஐந்தே முக்கால் மணிக்குத்தான் தெரியும். சம் ஃபார்முலா எழுத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும். இரண்டு செல்களைப் பிளஸ் குறி போட்டுக் கூட்டியிருந்தால், விடை வரவேண்டிய இடத்தில் ‘#வேல்யூ!’ என்று வந்து நிற்கும். காலியில்லாத செல்களை எண்ணும் கவுன்ட்ஏ, பெயர் நீக்கப்பட்டவரையும் ஆளாகச் சேர்த்து எண்ணும். பக்கத்து செல் காலியாக இருந்தால் வழிந்து முழுசாகத் தெரியும் நீளமான தலைப்பு, அங்கே ஒரு ஸ்பேஸ் விழுந்ததும் ‘வருகைப் பட்டி’ என்று பாதியில் அறுபடும்.

“சார், இந்த செல்லுல ஸ்பேஸ் இருக்கு.”

“எங்கப்பா இருக்கு? காலியாத்தானே இருக்கு, காட்டு பாப்போம்.”

காட்ட வழி ஒன்று உண்டு. எஃப்2 அழுத்தினால் கர்சர் செல்லின் ஓரத்தில் ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி நிற்கும். ஸ்பேஸ்பார்க்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்கு மூக்கைக் கொண்டுபோய்ப் பார்த்து, “சிஸ்டத்துல வைரஸ் இருக்கும்பா” என்பார். பிறகு மேஜை டிராயரிலிருந்து கால்குலேட்டரை எடுத்துக் கூட்டி, விடையை ஃபார்முலாவின் மேலேயே அடித்துவிடுவார்.

இந்தப் பழக்கத்துக்கு ஊற்று டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். ஸ்பேஸ்பார்க்காரர் பெரும்பாலும் ஹையர் பாஸ் பண்ணியவர். ஸ்டேட்மென்ட் அடிப்பதில் பேர் வாங்கியவர். அந்த இயந்திரத்தில் டெலீட் கிடையாது. தலைப்பு நடுவில் வரவேண்டுமென்றால் எழுத்துகளை எண்ணி, வரியின் மொத்த இடத்திலிருந்து கழித்து, மீதியைப் பாதியாக்கி, அத்தனை தடவை ஸ்பேஸ் தட்ட வேண்டும். அதே கணக்கை அவர் எக்செல்லிலும் போடுகிறார். டைப்ரைட்டரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். திரையில் எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும். அதனால் கணக்கு சரியாக வராது. கண்மதிப்பில் இன்னும் இரண்டு தட்டு. அடுத்தவர் நெடுவரிசையை அகலப்படுத்தினால் அத்தனை உழைப்பும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். சென்டர் பொத்தான் திரையின் உச்சியில் இருப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அது சோம்பேறிகளுக்கு.

பெயருக்கு முன்னாலும் ‘பார்வைக்கு நல்லா இருக்கட்டும்’ என்று ஒரு ஸ்பேஸ் விடுவார். அகர வரிசைப்படி அடுக்கும்போது ஸ்பேஸ் எல்லா எழுத்துக்கும் முந்தி வரும். ஆகவே அவர் அடித்த வெங்கடேசன், அன்பழகனுக்கு மேலே போய் உட்காருவார். விலுக்அப் போட்டால் அந்த வெங்கடேசன் ஊரிலேயே இல்லை என்று பதில் வரும்.

அவருக்கு வேறு பழக்கங்களும் உண்டு. தொகையை 12,500/- என்று அடிப்பார். எக்செல் அதை எழுத்தாகக் கொள்ளும். அப்படி ஒரு நெடுவரிசை முழுக்க அடித்தால் டோட்டல் பூஜ்யம். ஊர்ப் பெயர் திரும்ப வந்தால் ‘மேற்படி’ என்று போடுவார். வரிசையை மாற்றி அடுக்கியபின் எந்த மேற்படி எந்த ஊர் என்பது அவருக்குமே தெரியாது.

ஓர் இடத்தில் மட்டும் அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணைச் சேர்த்து அடித்தால் கடைசி இலக்கத்தைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். வேகமாக அடிக்கும் சின்னப் பையன்கள் எல்லாரும் இதில் மாட்டியவர்கள். ஸ்பேஸ்பார்க்காரர் நான்கு நான்காகப் பிரித்து, நடுவில் இடம் விட்டு அடிப்பார். இடம் விட்டதும் அது எழுத்தாகிவிடுகிறது. இலக்கம் ஒன்றும் கெடுவதில்லை. ஆபீசிலேயே அவருடைய பட்டியலில்தான் கணக்கு எண்கள் முழுசாக இருக்கும். அடித்ததை வாய்விட்டுப் படித்து ஒப்பிட்டும் பார்ப்பார். இந்த அக்கறை இன்னொருவருக்கு வராது.

ஆனால் சுத்தம் செய்கிற வேலை அவருடையது இல்லை. அடுத்த சீட்டில் இருக்கும் ஜூனியருடையது. அதுவும் லேசான வேலை இல்லை. ட்ரிம் போட்டு வந்த விடையை வேல்யூவாக ஒட்டினாலும் செல் உண்மையில் காலியாகாது. கவுன்ட்ஏ அப்போதும் எண்ணும். ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் ஒரு ஸ்பேஸைக் கொடுத்து, முழு செல்லும் பொருந்தினால் மட்டும் நீக்கச் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு ஸ்பேஸுக்கு ஒரு முறை, மூன்றுக்கு ஒரு முறை. அவர் கட்டைவிரல் எத்தனை தட்டியதோ அத்தனை முறை. இந்த நேரத்துக்கு ஓவர்டைமும் கிடையாது, நன்றியும் கிடையாது. “இத்தனை நேரமா ஒரு ஷீட்டுக்கு?” என்ற கேள்வி மட்டும் உண்டு, கேட்பவரும் அவரேதான்.

தடுப்பு முறை இருக்கிறது. டேட்டா வேலிடேஷனில் முழு எண் மட்டும் என்று விதி வைத்தால் ஸ்பேஸை ஏற்காது. எச்சரிக்கைப் பெட்டி வந்து மறிக்கும். ஸ்பேஸ்பார்க்காரர் அந்தப் பெட்டியை இரண்டு முறை மூடிப் பார்ப்பார். மூன்றாம் முறை, போன மாத ஷீட்டைத் திறந்து, அங்கே தாம் தட்டி வைத்த ஒரு ‘காலி’ செல்லை காப்பி எடுத்து இங்கே பேஸ்ட் செய்வார். வேலிடேஷன் கையால் அடிப்பதைத்தான் தடுக்கும். பேஸ்ட் செய்தால் விதியும் சேர்ந்து அழிந்துவிடும்.