ஏழுமலையானின் எழும் நேரம்

கேள்வி: ராத்திரி 9 மணிக்கே படுத்துவிடுகிறேன். 2 மணி வரை புரளல்தான். ஏழுமலையானை வேண்டியும் தூக்கம் வரவில்லையே?
– வாசகர், சித்தூர்

பதில்: அவரே ஏகாந்த சேவையில் தாலாட்டுக் கேட்டுத்தான் துயில்கிறார், விடியுமுன் சுப்ரபாதத்துக்கு எழுந்தும் விடுகிறார். எழும் நேரம் தவறுவதில்லை. உங்களுக்கும் அதுதான் முதல் மருந்து. கண் சொக்கினால் மட்டும் படுங்கள். 20 நிமிடத்தில் தூங்காவிட்டால் எழுந்து அடுத்த அறையில் உட்காருங்கள். படுக்கை என்றாலே தூக்கம் என்று மூளை பழகட்டும். உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் சொன்ன வழி இது. 'இன்று தூங்காவிட்டால் நாளை தொலைந்தேன்' என்ற பயம்தான் பெரிய எதிரி. அப்படி எத்தனை நாளைகளைச் சமாளித்துவிட்டீர்கள், எண்ணிப் பாருங்கள்! மாத்திரைக்கு முன், இந்த வழியும் அடங்கிய அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சையே என்று 2016இல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸும் பரிந்துரைத்தது. முதல் வாரம் பகலில் கண் செருகும். அது தீரும்வரை திருமலைப் பாதையில் வண்டி ஓட்டாதீர்கள்.