போஞ்சிக் கறியும் டச்சு மொழியும்

கேள்வி: நான் ஊடகக்கற்கை மாணவி. டச்சு மொழியில் இடைநிலையைத் தாண்டி 'பி2' மட்டத்துக்குப் படிக்கிறேன். "ஒல்லாந்தர் போய் இருநூறு வருசத்துக்கு மேல, இப்ப எதுக்கு அந்தப் பாசை?" என்கிறார் அம்மா. என்ன பதில் சொல்ல?
- ஒரு வாசகி, ஹேவாஹெட்ட

பதில்: அம்மா அடுத்த முறை போஞ்சிக் கறி வைக்கும்போது, "இதுவும் டச்சுச் சொல்தான்" என்று காதில் போட்டுவையுங்கள். போஞ்சி, கந்தோர், நொத்தாரிசு, அவசரத்துக்கு ஓடும் கக்கூசு எல்லாம் அவர்கள் விட்டுப்போனவை. 1796இல் ஆட்சியை ஆங்கிலேயரிடம் கொடுத்தார்கள். சொற்களை நம்மிடமே விட்டுவிட்டார்கள். கொழும்பில் 1737இல் அச்சகம் ஓட்டியவர்களும் அவர்கள்தான், ஆக உங்கள் படிப்புக்கும் உறவுக்காரர்கள். உங்கள் மலைநாட்டுப் பக்கம் மட்டும் அவர்கள் பருப்பு வேகவில்லை. 1765இல் கண்டியைப் பிடித்தும் நிலைக்க முடியாமல் இறங்கிப் போனார்கள்.

பி2இல் ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் திணறுவது துணை வாக்கியத்தில். வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். நமக்கு அது பிறந்த வீட்டுப் பழக்கம்! 'அவன் நாளைக்கு வருவான்' என்பதில் 'வருவான்' எங்கே நிற்கிறான், பாருங்கள். ஆனால் பெயர்ச்சொல்லுக்கு முன் 'டெ'யா, 'ஹெட்'டா என்பது பெரும்பாலும் மனப்பாடம்தான். தொண்டையைச் செருமுவதுபோல வரும் அந்தக் 'க'வுக்கு மலைக்குளிரில் பிடிக்கும் இருமலே நல்ல பயிற்சி.

நெதர்லாந்தின் என்.ஓ.எஸ். சிறுவர் செய்தியில் தொடங்கி, பெரியவர்கள் செய்திக்கு ஏறுங்கள். கேட்டதை டச்சிலேயே ஐந்து வரியில் எழுதுங்கள். அதற்குமுன் அம்மாவுக்குப் போஞ்சி நார் எடுத்துக் கொடுங்கள்.