ஒரு பார்வை பார்த்துட்டுத் தரேன்

மகளுக்குப் புது நாவல் வந்து இறங்குகிற அன்றைக்குத்தான் பெரியப்பாக்களுக்கு நம் வீட்டுக் காப்பி நினைவுக்கு வரும். கூரியர் பையன் லிஃப்டில் இறங்குவதற்குள் இவர் படியேறி வந்துவிடுவார். மகள் கத்தரிக்கோலால் அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே கை நீளும்.

"கொடு பாப்பா, ஒரு பார்வை பார்த்துட்டுத் தரேன்."

அந்த ஒரு பார்வைக்குக் குறைந்தது மூன்று மாதம் பிடிக்கும்.

நான் யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. சில வீடுகளில் அத்தை, சில வீடுகளில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற தாத்தா. எங்கள் வீட்டில், மன்னிக்கவும், எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், டெலிபோன்ஸில் 38 வருஷம் குப்பை கொட்டிய பெரியப்பா. "இந்தக் காலத்து வயசுப் பிள்ளைங்க நாவல்ல என்னென்ன இருக்கும்னு உனக்குத் தெரியாது" என்பார். தெரியாதுதான். புத்தகம் நம் கைக்கு வந்தால்தானே தெரியும்?

பெரியப்பாவின் தணிக்கை முறை தனி. காதில் செருகிய பென்சில், பழைய பஸ் டிக்கெட், ஒரு துண்டுச் சீட்டு. ஆட்சேபகரமான வரிகளுக்குப் பென்சிலால் அடிக்கோடு. அந்தப் பக்க எண்களை எல்லாம் சீட்டில் குறித்து, "தவிர்க்கவும்" என்று தலைப்புப் போட்டு, முதல் பக்கத்தில் சொருகித் தருவார். பிள்ளைகள் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நேராக அந்தப் பக்கங்களுக்குப் போவார்கள் என்பது இத்தனை வருஷத்தில் இவருக்குத் தோன்றவே இல்லை. மகளின் வகுப்பில் அந்தச் சீட்டுக்குப் புத்தகத்தைவிடக் கிராக்கி அதிகம் என்று கேள்வி.

எது ஆட்சேபகரம் என்பதில்தான் வேடிக்கை. 2008இல் வந்த 'ஹங்கர் கேம்ஸ்' முதல் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 12 மாவட்டங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பையன், ஒரு பெண், 12 வயதிலிருந்து 18க்குள். மொத்தம் 24 பிள்ளைகளை ஓர் அரங்கத்துக்குள் தள்ளி, ஒருவர் மிஞ்சும்வரை அடித்துக்கொண்டு சாகச் சொல்லி, அதை ஊரே டிவியில் பார்க்கிறது. இத்தனை குத்து வெட்டுக்கும் பெரியப்பாவின் பென்சில் அசையவில்லை. குகைக்குள் காய்ச்சலில் கிடக்கும் பையனுக்கு அந்தப் பெண் ஒரு முத்தம் கொடுக்கிறாள். அதற்கு இரட்டைக் கோடு. பக்கத்தில் ஆச்சரியக்குறி வேறு. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பொதுவான கருத்து: "இந்த ஊரில் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஒன்று கிடையாதா?"

ஓரக் குறிப்புகள்தான் பெரியப்பாவின் உயிர். அவற்றில் பத்துக்கு ஏழு ஒரே கேள்வி: "அப்பா அம்மா எங்கே?"

நியாயமான கேள்விதான். இளையோர் நாவல் எழுதுகிறவர்களுக்குப் பெற்றோரை அப்புறப்படுத்தாமல் கதை நகராது. கண்டிக்க ஆள் இருந்தால் எந்தப் பெண் வில்லை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போவாள்? ஆகவே அப்பா சுரங்க வெடிவிபத்தில் இறந்திருப்பார், அம்மா சுவரை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தேவதைக் கதையைப் புதுப்பித்து எழுதினாலோ கேட்கவே வேண்டாம், சித்தி வந்துவிடுவாள். 'ட்வைலைட்'டில் அதிசயமாக அப்பா உயிரோடு இருக்கிறார், அதுவும் ஊர்ப் போலீஸ் தலைவராக. பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் அந்த ரத்தக்காட்டேரிப் பையன் ராத்திரி ஜன்னல் வழியாக வந்து, அந்தப் பெண் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஓரத்தில் பென்சில் எழுத்து: "அப்பன் போலீஸ். ஜன்னலுக்குக் கம்பி வைக்கத் துப்பில்லை."

அந்தப் பையன் 1901இல் பிறந்தவன் என்று தெரிந்ததும் பிரச்சினை முற்றியது. ராத்திரி பத்தரைக்கு எனக்குப் போன்.

"ஏண்டா, நூறு வயசு தாண்டினவன் பதினோராம் கிளாஸ்ல உட்கார்ந்திருக்கான். டி.சி.ல பிறந்த தேதின்னு ஒண்ணு இருக்குமே, எந்த ஹெட்மாஸ்டரும் பார்க்கலையா?"

"அண்ணா, அவன் ரத்தம் குடிக்கிறவன். அது பரவாயில்லையா?"

"அதை விடுடா. டி.சி. எப்படி வாங்கினான், அதைச் சொல்லு."

'சிண்டர்' மட்டும் தணிக்கையில்லாமல் தப்பியிருக்க வேண்டியது. சிண்ட்ரெல்லா கதை என்று அட்டையின் பின்பக்கத்தில் பார்த்துவிட்டு, "குழந்தைங்க கதைதானே" என்று திருப்பித் தரவே போனார். போகிறபோக்கில் முதல் பக்கத்தைப் படித்தார். அவ்வளவுதான். இந்தச் சிண்ட்ரெல்லா பாதி மனுஷி, பாதி இயந்திரம். எதிர்காலப் பெய்ஜிங்கில் மெக்கானிக். இளவரசன் தன் ரோபோவை ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு அவளுடைய கடைக்கு வருகிறான். நடன விருந்திலிருந்து ஓடும்போது படிக்கட்டில் செருப்புக்குப் பதிலாக இரும்புக் காலே கழன்று விழுகிறது. 2012இல் ஆரம்பித்து 2015 வரை நான்கு பெரிய நாவல்கள். இரண்டாவதில் சிவப்புக் குல்லாய்ப் பெண், மூன்றாவதில் ரபுன்ஸெல், நான்காவதில் ஸ்னோ ஒயிட். இந்த ரபுன்ஸெலைக் கோபுரத்தில் அடைக்கவில்லை, செயற்கைக்கோளில் அடைத்திருக்கிறார்கள். 38 வருஷம் டெலிபோன்ஸ்! அந்தப் பாகத்தில் முத்தங்கள்கூடத் தப்பித்துக்கொண்டன. ஓரமெல்லாம் சிக்னல் எப்படிக் கிடைத்தது, பூமிக்குப் பேச்சு போய்ச்சேர எத்தனை நொடி என்ற கணக்குத்தான். வேறு எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. ஜான் கிரீனின் 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' பெரியப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. புற்றுநோயுள்ள 16 வயதுப் பெண், ஆக்ஸிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு ஆம்ஸ்டர்டாம் போகிறாள். எதற்கு? அவளுக்குப் பிடித்த நாவல் ஒன்று பாதி வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. மிச்சக் கதை என்னவென்று எழுதியவரையே கேட்கப் போகிறாள். கூடவே அவள் நேசிக்கும் பையனும் அம்மாவும் போகிறார்கள். "நல்ல குடும்பம்" என்று ஓரத்தில் சான்றிதழ் கொடுத்திருந்தார்.

எனக்கும் ஆசை வந்தது. கெஞ்சி வாங்கிப் பாதி படித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு. ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது பெரியப்பா பெருமூச்சு விட்டார். "என்ன இருந்தாலும் அந்தப் பையன் போயிருக்க வேண்டாம்."

நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன். ஒருவர் ஒரு கதைக்குள் பாதி வழியில் நடந்துகொண்டிருக்கும்போது முடிவைத் தூக்கி இலையில் வைப்பது அநியாயம். வயதில் மூத்தவர் செய்தாலும் அநியாயம்தான். அந்த நாவலின் மிச்சம் இன்னும் படிக்காமல் கிடக்கிறது. அந்தப் பெண்ணுக்காவது ஆம்ஸ்டர்டாம் போய்க் கேட்க வேண்டியிருந்தது. நான் கேட்காமலே எனக்குச் சொல்லிவிட்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் கொஞ்சம்கூடப் பதறவில்லை. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு முடிவு செய்தேன். இவர் வீட்டில் சிறைப்பட்டிருக்கும் புத்தகங்களை எல்லாம் மீட்டுவிடுவது. மறுநாள் போனபோது அவர் கோயிலுக்குப் போயிருந்தார். டீப்பாய்மேல் அடுக்கியிருந்ததில் மேலே இருந்தது 'தி அவுட்சைடர்ஸ்'. எஸ்.ஈ. ஹின்டன் 15 வயதில் எழுத ஆரம்பித்து, 1967இல் புத்தகமாக வந்தபோது அவருக்கு வயது 18. பெண் என்று தெரிந்தால் ஆண் விமர்சகர்கள் மதிக்கமாட்டார்கள் என்று பெயருக்குப் பதில் இனிஷியல் போட்டார்கள். "பதினெட்டு வயசுப் பொண்ணு எழுதினதா? அவங்க அப்பா பார்த்தாரா?" என்று கேட்டு இவர் தூக்கிக்கொண்டு போன புத்தகம் அது.

புரட்டினேன். அதிலும் அப்பா அம்மா இல்லை. கார் விபத்தில் போய்விட்டார்கள். ஆனால் வழக்கமான கேள்வியைக் காணோம். ரவுடிச் சண்டை, கத்தி, சிகரெட் எதற்கும் கோடில்லை. மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவனுக்கு 20 வயது. கல்லூரிக்குப் போகாமல் கூரை வேலைக்குப் போய், தம்பிகளை வளர்க்கிறான். கடைக்குட்டிக்கோ அண்ணன் தன்னை வெறுக்கிறான் என்று நினைப்பு. எப்போது பார்த்தாலும் திட்டுகிறான், கண்காணிக்கிறான். அந்த இடத்தில் ஓரத்தில் மிகச் சின்னதாக ஒரே ஒரு குறிப்பு: "மூத்தவன். பாவம்."

எங்கள் அப்பா போனபோது அண்ணாவுக்கு வயது 22. நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். டெலிபோன்ஸ் வேலையில் சேர்ந்து என்னையும் நடுவிலவனையும் படிக்கவைத்தார். என் ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து பார்ப்பார், சட்டைப்பையை முகர்ந்து பார்ப்பார், நூலகத்திலிருந்து நான் எடுத்துவந்த புத்தகத்தை "ஒரு பார்வை பார்த்துட்டுத் தரேன்" என்று வாங்கிக்கொள்வார். அவர் படித்து நான் பார்த்த கதைப் புத்தகம் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு சரி. அதற்குப் பிறகு சம்பளக் கணக்கு நோட்டுத்தான். இரும்புக் கையில் விட்டவர், கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கழித்து இரும்புக் காலில் பிடித்திருக்கிறார்.

மேலே ஆரம்பத்தில் யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை என்றேன். போகட்டும்.

புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் மகளைக் கூப்பிட்டு, "இனிமே உனக்கு வர்ற புக்கை நீ முதல்ல படி. பெரியப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றேன், பெரிய உரிமை வழங்குபவன் மாதிரி.

"நான் எல்லாத்தையும் முன்னாடியே படிச்சிடறேனேப்பா. ஃப்ரெண்டுகிட்ட வாங்கி, ஸ்கூல் பஸ்லயே முடிச்சிடுவேன்."

"அப்புறம் எதுக்கு என்னை வாங்கித் தரச் சொன்னே?"

"பெரியப்பா படிக்கத்தான்."

நானூறும் ஐந்நூறுமாக இரண்டு வருஷம் அழுத கணக்கு மனதில் ஓடியது. வாய் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"1975ல வந்த ஜூடி ப்ளூம் நாவல் ஒண்ணு இருக்குப்பா, 'ஃபாரெவர்'னு. காதல், அதுக்கு மேல எல்லாம் வெளிப்படையா எழுதியிருக்காங்களாம். வாங்கிக் குடுங்க. ஆனா பெரியப்பாகிட்ட உடனே போகக் கூடாது. அவருக்கு அது தாங்குமான்னு நான் முதல்ல ஒரு பார்வை பார்த்துட்டுத் தரேன்."