அச்சாணியும் அடிவயிறும்: சேலம், நாமக்கல் சமவெளியில் விளக்கெண்ணெயின் ஆட்சி குறித்து ஓர் ஆய்வு

இவ்வாய்வின் நிலப்பரப்பு கிழக்கே ஆத்தூர், மேற்கே பள்ளிபாளையம். காலம், மாட்டு வண்டி முதல் பதினாறு சக்கர லாரி வரை. கருதுகோள் இது: இந்த வட்டாரத்தில் சக்கரம் பலமுறை மாறிவிட்டது, அதன் நடுவே இருக்கும் கொட்டமுத்து என்னும் ஆமணக்கு விதை மட்டும் மாறவேயில்லை. விளக்கெண்ணெயை வசவாக மட்டுமே அறிந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

இத்துறையில் இரண்டு பள்ளிகள் உண்டு. மூத்தது குடல்வழிப் பள்ளி. அதன் பேராசிரியர்கள் அப்பத்தாக்களும் அம்மாயிகளும். முழுப் பரீட்சை லீவில் ஒரு விடியற்காலை, வெறும் வயிறு, சின்ன டம்ளர், கையைப் பிடித்துக்கொள்ள ஓர் அத்தை. "மூச்சுடாம ஒரே மடக்குல குடிச்சிரு சாமி" என்பதே மொத்த செய்முறை விளக்கமும். எண்ணெயிலிருந்து பிரியும் ரிசினோலியிக் அமிலம் குடல் தசையில் உள்ள இ.பி.3 என்ற ஏற்பியைத் தூண்டுகிறது என்று 2012-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் எலிகளை வைத்து நிறுவினார்கள். அம்மாயிக்கு எலி தேவைப்படவில்லை, பேரன்கள் இருந்தார்கள்.

இரண்டாவது அச்சுவழிப் பள்ளி. வண்டிக்கு அடியில் ஒரு மூங்கில் குழாய் தொங்கும். வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை அதற்குள் இருக்கும். கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து, குச்சியில் சுற்றிய துணியால் இருசில் தடவுவார்கள். தடவாத வண்டி வருவது அடுத்த ஊருக்கே கேட்கும். இதன் வேதியியல் எளிது. எண்ணெயின் கொழுப்பமிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலியிக். மற்ற சமையலறை எண்ணெய்களில் காணாத ஒரு ஹைட்ராக்சில் அதில் கூடுதலாக உண்டு. கடனைத் திருப்பிக் கேட்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்ததுபோல, உலோகத்தில் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்காது.

ஒரு பள்ளியின் கருத்தரங்குக்கு மற்றப் பள்ளியார் போவதில்லை. இருவர் கொள்கையும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் மீது மெய்ப்பிக்கப்பட்ட இடம் முதல் உலகப் போரின் வானம். அன்றைய நோம், லெ ரோன் எஞ்சின்களில் காற்றாடியோடு சேர்ந்து சிலிண்டர்களும் சுழலும். பெட்ரோல் கலவை எஞ்சினின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து போவதால், மண்ணிலிருந்து எடுத்த எண்ணெயைக் கழுவிவிடும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் எளிதில் கரையாது. ஆகவே அதையே ஊற்றினார்கள். போன எண்ணெய் திரும்பாது, புகையாகவும் துளியாகவும் விமானியின் முகத்தில் அடிக்கும். எஞ்சின் வழுக்கிக்கொண்டு ஓடியது, விமானிக்கும் வயிறு ஓடியது. இவ்வளவு சுத்தமான இரட்டைச் சோதனையை எந்தப் பல்கலைக்கழகமும் நடத்தியதில்லை.

லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்டு 1909-இல் தன் எஞ்சின் எண்ணெய்க்கு காஸ்ட்ரால் என்று பெயர் வைத்ததும் அதில் கலந்த இந்த எண்ணெயை முன்னிட்டுத்தான். ஆனால் அதிகச் சூட்டில் விளக்கெண்ணெய் பிசினாகிப் படியும், அடிக்கடி பிரித்துத் துடைக்க வேண்டும். பெட்ரோலிய எண்ணெய்கள் வந்து அதை எஞ்சினிலிருந்து இறக்கிவிட்டன. குடல்வழியார் வெற்றி முழங்கினர்.

முழங்கியது அவசரம். நாமக்கல்லில் ஏதாவது ஒரு லாரிப் பட்டறைக்குப் போய், வீல் பேரிங்கில் உள்ளங்கையால் கிரீஸ் அடைக்கும் பையனைப் பாருங்கள். விளக்கெண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றினால் மெழுகாக இறுகும். அதன் அமிலத்தை லித்தியத்தோடு சேர்த்துச் சோப்பாக்கி எண்ணெயில் குழைத்தால் லித்தியம் கிரீஸ். மூங்கில் குழாய் டப்பாவானது, வைக்கோல் கரிக்குப் பதில் லித்தியம் வந்தது, அவ்வளவே. லாரிகளில் ஏர் பிரேக் குழாய்க்குப் பயன்படும் நைலான் 11-உம் விளக்கெண்ணெயிலிருந்து பிறப்பதுதான். அதாவது இந்தச் செடி வண்டியை ஓட்டவும் செய்யும், நிறுத்தவும் செய்யும்.

அரசும் இதை உணர்ந்தே இருக்கிறது. ஏத்தாப்பூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தாவரவியல்படி இரண்டும் ஒரே குடும்பம், பங்காளிகள். ஒன்று சேலத்து ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது, மற்றது மஞ்சள் காட்டு வரப்பில் காவல் நிற்கிறது. வெட்டுப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அகன்ற ஆமணக்கு இலையைத் தேடி முட்டையிடும், விவசாயி அந்த இலையைக் கிள்ளி நசுக்கிவிடுவார். நாட்டின் ஆமணக்கில் பெரும்பங்கு குஜராத்தில்தான் விளைகிறது என்ற உண்மை கருதுகோளுக்கு இடைஞ்சல். அடிக்குறிப்பில் ஒளித்திருக்கலாம், பத்திரிகையில் அடிக்குறிப்புக்கு இடம் தரமாட்டார்கள்.

ஒரு தரவு மட்டும் இரு பள்ளிக்கும் அடங்கவில்லை. சேலம், ஈரோடு பக்கத்துச் சமையலறைகளில் இட்லி பூப்போல வர உளுந்தோடு தோலுரித்த கொட்டமுத்தைக் கொஞ்சம் போட்டு ஆட்டுவார்கள். பச்சையாக மென்றால் ஆளையே சாய்க்கும் ரிசின் நஞ்சு உள்ள விதை அது. ஆவியில் நன்றாக வேகும்போது நஞ்சின் வீரியம் அடங்குகிறது. வயிற்றுக்குள் போவதால் இட்லி தங்களுக்கே என்கிறார்கள் குடல்வழியார். ஆறு இட்லி தொண்டையில் உராயாமல் இறங்கிய வேகத்தைக் காட்டி, இது மசகுதான் என்கிறார்கள் அச்சுவழியார். இட்லி ஆறுவதற்குள் தீர்ப்பு வராது என்று தெரிந்ததால், ஆய்வாளர் சட்னி கேட்டுவிட்டார்.