ஆள் வேண்டாம், கையெழுத்து போதும்

மதுரையில் மிதப்பது தெப்பம் ஒன்றுதான். தை மாதம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் அது சுற்றி வர, கரையில் வடம் பிடிக்க அத்தனை கூட்டம். அலையே இல்லாத குளத்துக்கு இது வீண்செலவு அல்லவா? கப்பல் முதலாளி யாரிடமாவது குத்தகைக்கு விட்டுப் பாருங்கள், இரண்டே பேரை வைத்து இழுத்துக் காட்டுவார். ஒருவன் தூங்குவான், மற்றவன் தூங்கிக்கொண்டே இழுப்பான்.

டக் எனப்படும் சின்ன இழுவைக் கப்பல்களில் நடப்பது கிட்டத்தட்ட இதுதான். பார்ஜ் என்ற தட்டைப் படகை இழுக்கும் கப்பலில் ஆறு மணி நேரம் ஒருவர் வாட்ச், அதாவது காவல் பணி, அடுத்த ஆறு மணி நேரம் இன்னொருவர். 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு கொடு என்கிறது சர்வதேச விதி. இங்கே 12 கிடைக்கிறது, தாராளம்! அந்தப் பன்னிரண்டுக்குள்தான் குளியல், சாப்பாடு, கயிறு மாற்றுவது, இன்ஜின் ரூமில் கைகொடுப்பது எல்லாம். ஓய்வுப் பதிவேட்டில் மட்டும் எல்லோரும் குறட்டை விட்டுத் தூங்குகிறார்கள், மாசக் கடைசியில், ஒரே பேனாவில்.

விளக்கு? இழுவையின் நீளம் 200 மீட்டரைத் தாண்டினால் டக்கின் கொடிமரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வெள்ளை விளக்கு எரிய வேண்டும். ஒன்று ஃபியூஸ் போனால், இழுவை 200 மீட்டருக்குள் என்று மீதி இரண்டும் பொய் சொல்லும். அதை நம்பி வரும் வள்ளக்காரன் இருட்டில் இழுவைக் கம்பியில் போய் விழுவான். பல்பு மாற்ற ஆளா? அவர் இப்போதுதான் படுத்தார்.

ஆள் விழித்திருந்தால் மட்டும் போதுமா, வேலை பழகியிருக்க வேண்டாமா? 1993 செப்டம்பர் 22, அமெரிக்காவின் அலபாமா. மூடுபனியில் பார்ஜ்களைத் தள்ளிக்கொண்டு போன ஒரு டக், வழி தவறிக் கிளை ஆற்றில் நுழைந்து ரயில் பாலத்தில் மோதியது. பின்னாலேயே வந்த ரயில் கவிழ்ந்து 47 பேர் செத்தார்கள். கப்பலில் திசைகாட்டி இல்லை, வரைபடம் இல்லை. ராடார் இருந்தது. அதைப் படிக்கப் பழகிய ஆள் இல்லை.

அமெரிக்காக்காரன் கதை நமக்கெதற்கு என்பீர்கள். நம் மதுரை ரயில்வே கோட்டத்துப் பாம்பன் பாலத்தில் 2013 ஜனவரி 13 அன்று கடற்படை பார்ஜ் ஒன்று மிதந்து வந்து மோதியது. சேதம் கொஞ்சம்தான், ராமநாதசுவாமி புண்ணியம். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தாயிற்று. 72.5 மீட்டர் இரும்பு லிஃப்ட் மாதிரி மேலே போகிறது. அடியில் வருகிறவன் விழித்திருக்கிறானா என்று பார்க்க மட்டும் டெண்டர் விட மறந்துவிட்டோம்.

மாட்டுத்தாவணிப் பக்கம் சுவரெங்கும் 'கப்பலில் வேலை' நோட்டீஸ். மேலூரிலும் உசிலம்பட்டியிலும் காணியை விற்று ஏஜெண்டிடம் கட்டுகிறார்கள். ஆள் இல்லாமலா கப்பல் காலியாக ஓடுகிறது?

ஆட்களை ஏற்றினால் போதுமா, காப்பாற்ற வேண்டாமா? 2021 மே 17, டவ்-தே புயல். எச்சரிக்கை முன்கூட்டியே வந்துவிட்டது. மும்பைக்கு அப்பால் ஓ.என்.ஜி.சி. வேலைக்கு நின்ற பி-305 தங்கும் பார்ஜுக்குச் சொந்த இன்ஜின் கிடையாது, டக் இழுத்தால்தான் நகரும். அதில் 261 பேர். 'வரப்பிரதா' என்ற டக்கில் 13 பேர். இரண்டும் மூழ்கின. செத்தவர்கள் 86. டக்கில் தப்பியவர்கள் இரண்டே பேர். பார்ஜில் 16 உயிர்காப்பு மிதவைகள் இருந்தன, அதில் 14 பஞ்சர் என்று உயிர் பிழைத்த தலைமைப் பொறியாளர் ஆஸ்பத்திரியில் இருந்தபடி சொன்னார். சைக்கிள் கடைக்காரன்கூடத் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டுத்தானே ட்யூபைக் கொடுப்பான்?

நீதி தாமதிக்கவில்லை. பார்ஜ் கேப்டன் காணாமல் போயிருந்தார். கடற்படை அவரைக் கடலில் தேடிக்கொண்டிருக்க, மும்பை போலீஸ் அவர்மேல் வழக்குப் போட்டது. கப்பல் கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் கைதானது அதற்குச் சில வாரம் கழித்து. இத்தனைக்கும் அவர்கள் கரையில்தான் இருந்தார்கள், தேட ஹெலிகாப்டர்கூடத் தேவையில்லை.