லண்டன் கடிதம்: கோட்டைக்குள் இரண்டு வானரங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ போனில் விடாமல் கேட்ட லண்டன் டவருக்குப் பிள்ளைகளை ஒருவழியாகக் கூட்டிப்போய் வந்துவிட்டோம்.

நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம், ஊரை மிரட்டுவதற்கென்றே 1070களில் எழுப்பத் தொடங்கியது அங்குள்ள வெள்ளைக் கோபுரம். உயரம் 27 மீட்டர். அடிச்சுவரின் கனம் நாலரை மீட்டர். உன் மாப்பிள்ளை இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க, சின்னவன் கேட்டது ஒன்றுதான்: "ராஜா எங்கே கக்கூஸ் போவார்?"

சிரிக்காதே. அதற்கும் அந்தச் சுவருக்குள்ளேயே இடம் விட்டிருக்கிறார்கள். உட்காரும் மாடம் உள்ளே, விழுகிற துவாரம் வெளியே. எட்டாம் ஹென்றியின் கவசத்துக்கு ஒரு நிமிஷம் ஒதுக்கியவன், இங்கே கால் மணி நேரம் நின்றான்.

இந்தக் கோட்டையில் அடைக்கப்பட்ட முதல் கைதி ரனுல்ஃப் ஃபிளாம்பார்ட் என்ற பிஷப். 1101இல் காவலர்களுக்கு மூக்குமுட்ட ஒயின் ஊற்றிவிட்டு, அதே ஒயின் பாத்திரத்தில் ஒளிந்து வந்த கயிற்றைப் பிடித்து ஜன்னல் வழியே இறங்கிவிட்டார். இதைக் கேட்ட அன்றிரவே என் புடவை ஒன்று கட்டில் காலில் கட்டப்பட்டிருந்தது.

1252இல் நார்வே ராஜா அனுப்பிய வெள்ளைக் கரடியும் இங்கேதான் குடியிருந்தது. அதன் செலவுக்கு நாளுக்கு 4 பென்ஸை லண்டன் ஷெரீப்கள் தலையில் கட்டினார் மூன்றாம் ஹென்றி. நீளக் கயிறு கட்டித் தேம்ஸில் மீன் பிடிக்கவும் விட்டார்கள். லண்டனில் மதியச் சாப்பாடு விற்கிற விலைக்கு நமக்கும் அதுதான் வழி என்றார் உன் மாப்பிள்ளை.

கோஹினூர் வைரத்தைப் பார்த்தோம். 1849இல் பஞ்சாபைப் பிடித்தபோது, ராஜா துலீப் சிங்கிடம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கையெழுத்து வாங்கி எடுத்துக்கொண்டது. அவனுக்கு அப்போது பத்து வயது. நம் பெரியவளுக்கும் பத்துதான்.

"அவங்க அம்மா சும்மாவா இருந்தாங்க?"

"அம்மாவை முன்னாடியே பிரிச்சுச் சிறையில வச்சுட்டாங்க."

"அப்போ அந்தக் கையெழுத்தே செல்லாது!"

பின்னால் நின்ற வெள்ளைக்காரப் பாட்டி திரும்பிப் பார்த்தார். நின்று வழக்காட வழியில்லை, அம்மா. கிரீடங்களின் முன்னே தரையே நகர்ந்து நம்மை வெளியே தள்ளிவிடுகிறது.

அண்டங்காக்கைகளையும் வளர்க்கிறார்கள். நம் வீட்டில் காக்கை கரைந்தால் விருந்தாளி வருவார். இங்கே ஆறு காக்கைக்குக் குறைந்தால் ராஜ்யமே போய்விடும் என்று நம்பிக்கை. நீ வரும்போது சோற்று உருண்டையோடு கிளம்பிவிடாதே. தினமும் பச்சை மாமிசமும் ரத்தத்தில் ஊறிய பிஸ்கட்டும் தின்கிற ஜாதி. உன் பருப்புச் சோற்றைத் திரும்பியும் பார்க்காது.

அன்புடன்,
உன் மகள்