பினாங்கில் பசித்தவரே பாக்கியவான்

கேள்வி: பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரே ஒரு நாள்தான் இருப்பேன். எங்கே சாப்பிடலாம், என்ன குடிக்கலாம்?
– வாசகர், திருச்சி

பதில்: அந்த ஊருக்கு ஒரு நாள் போதும், ஒரு வயிறுதான் போதாது!

காலையில் ஏதாவது ஒரு பழைய சீனக் கோப்பிக்கடை. பால் இல்லாத ‘கோப்பி ஓ’ குடியுங்கள், தூக்கம் ஊரைவிட்டே ஓடிவிடும்.

மதியம் நாசி கண்டார். விவாதமே வேண்டாம். தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் கறியையும் காவடித்தண்டில் சுமந்து தெருத்தெருவாக விற்ற சாப்பாடு இது. கேம்பல் தெரு ஹமீதியாவில் 1907 முதல் அடுப்பு எரிகிறது. அங்கே போய், ‘மீன் குழம்பு தனி, கோழிக் குழம்பு தனி’ என்று பத்தியக்காரர்போல் கேட்காதீர்கள். ‘பஞ்சிர்’ (மலாயில் வெள்ளம்) என்று சொல்லுங்கள். எல்லாக் குழம்பும் ஒன்றாக வந்து சோற்றை மூழ்கடிக்கும். ருசியே அந்தக் கலப்பில்தான். சாதி மதம் பார்க்காத தட்டு!

வெயில் ஏறியதும் கெங் குவீ சந்தில் செண்டோல். தேங்காய்ப்பால், பனஞ்சர்க்கரை, பச்சை நிற மாவு நூல்கள், சீவிய ஐஸ். வரிசையில் நிற்கலாம், தப்பில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குக் கர்னி டிரைவுக்கு எல்லாரும் போவார்கள். என் ஓட்டு நியூ லேன் இரவுக் கடைகளுக்கே. அங்கே சார் குவே தியா என்னும் தட்டை அரிசி நூடுல்ஸை உங்கள் கண்முன் வறுக்கச் சொல்லி, சூடு ஆறுமுன் சாப்பிடுங்கள். பார்சல் கட்டினால் பாதி ருசி போச்சு. புளியும் மீனும் பிடிக்குமென்றால் அசாம் லக்சா நூடுல்ஸையும் விடாதீர்கள்.

சரக்கு தீர்ந்தால் கடை மூடிவிடுவார்கள். சீக்கிரம் போங்கள், கையில் சில்லறை ரிங்கிட் வைத்துக்கொள்ளுங்கள்.